தண்ணீரோடு விழுங்கிய மாத்திரைகள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நலமாகத்தான் இருக்கிறேன். நான் கடிதம் எழுதினாலே ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். பண்ணியிருக்கிறேன். போனில் சொல்லத் துணிவு வரவில்லை.

நேற்று ஒவ்வாமை டாக்டரிடம் போனேன். போன வருடம் ரத்தத்தைச் சோதித்து, புல்லின் மகரந்தம்தான் என்னைத் தும்ம வைக்கிறது, உடம்பை அதற்குப் பழக்குகிற இந்த மாத்திரை பொருந்தும் என்று தொடங்கியவர் அவர்தானே. மருந்து வேலை செய்தால், மகரந்தத்தைத் தடுக்கிற ஒருவகை எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டுமாம். அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஒத்துவரவில்லை போல, நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் என்னை மைதானத்துப் புல்வேலையிலிருந்து வாசல் காவலுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் முன்பே சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வருடமாக நான் வளர்த்து வெட்டுகிற புல் அது.

நிறுத்தச் சொல்லிச் சீட்டில் எழுதப்போன டாக்டர், என்ன தோன்றியதோ, பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையச் சொல்லுங்க, மாத்திரைய எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டார்.

தண்ணீரோடு விழுங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும் என்று தெரியாமல் இல்லை. அவர் எதிரில் முதல் மாத்திரை வைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீட்டில் வைத்ததும் நாக்கெல்லாம் அரித்தது. மூச்சு நின்றால் பக்கத்தில் ஆளில்லையே என்று பயந்துபோனேன். உன்னிடம் சொன்னால் டீச்சர் படிப்பைப் போட்டுவிட்டு விடுதியிலிருந்து ஓடி வந்திருப்பாய். நாற்பது வயதில் கிடைத்த இடம் அது. அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்று புளுகினேன்.

டாக்டர் திட்டவில்லை. அந்த அரிப்பு பலருக்கும் வருமாம், தானே அடங்குமாம். தன் எதிரிலேயே மறுபடி ஒன்று வைக்கச் சொன்னார். அரித்தது, அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. முதலிலிருந்து தொடங்கி, சில மாதம் கழித்து ரத்தம் பார்க்கலாம் என்றார். அதுவரை என்னை மாற்ற வேண்டாம் என்று மேலாளருக்கும் கடிதம் கொடுத்திருக்கிறார்.

கோபப்படு, ஆனால் கிளம்பி வந்துவிடாதே. ஒன்று மட்டும் செய். தினமும் காலை ஏழு மணிக்குப் போன் பண்ணு. மாத்திரை கரையும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. நீ பேசு, திட்டினாலும் சரி. உன் குரல் கேட்டால் எனக்குப் பயம் வராது.

என்றும் உன்,
புல்வெட்டி