பின்கதவு

என்னங்க,

சாதமும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. சூடுபண்ணிச் சாப்பிடுங்கள்.

நம் ஆலையில் சட்டை வாங்கும் கம்பெனிக்காரர்கள் நேற்று தீவிபத்தைப் பற்றி விசாரிக்க வந்தபோது, "பின்கதவ நாங்க பூட்டுறதே இல்ல சார்" என்று சூப்பர்வைசராக நின்று சொன்னீர்கள்.

தீப்பிடித்த அன்று அந்தக் கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கியது. வெளியிலிருந்து உடைத்தபோது நான் வந்து விழுந்தேன். பக்கத்து மெஷின் அக்கா வரவில்லை. 'நியாயமான கூலியில் தைத்தது' என்ற லேபிளைச் சட்டைகளில் வைத்துத் தைத்தவள் அவள்தான்.

"வேலை போச்சுன்னா பிள்ளைங்க கதி என்னடி?" என்று ராத்திரி கேட்டீர்கள். எனக்கும் பயம்தான். ஆனாலும் இன்று அந்தக் கம்பெனிக்காரர்களிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன்.

பி.கு.: பூட்டச் சொன்னது முதலாளி, பூட்டியது நீங்கள். இரண்டையும் சொல்வேன்.

இன்னொன்று: உங்களையும் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன்.