நின்று நின்று போகும் உங்கள் சிவப்பு டிராக்டர்

என் பிரியமான மாமா,

போன இடத்திலாவது நிம்மதியாக இருக்கிறீர்களா, இல்லை அங்கேயும் யாருடைய எஞ்சினையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? இங்கே உங்கள் சிவப்பு டிராக்டர் இரண்டு மாதமாக என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. சாவியைத் திருகினால் உடனே பிடிக்கும். கொஞ்ச நேரம் ஜோராக ஓடும். டிரெய்லரில் பாதி அளவு செம்பனைக் குலை ஏற்றுவதற்குள் இருமி, திணறி, நின்றுவிடும்.

நீங்கள் போன பிறகு அக்காவுக்கு வருமானம் என்று இருப்பது அந்த வண்டி ஒன்றுதான். ரெம்பியாவைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்ன செம்பனைத் தோட்டக்காரர்கள், எண்ணெய்க்காக வெட்டிப் போட்ட குலை அழுகும்வரை நமக்காகக் காத்திருப்பார்களா? வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்புறம் அக்கா வண்டியை விற்றுவிட்டு ஆயர் குரோவில் என் வீட்டுக்கு வர வேண்டியதுதான். "தம்பி வீட்டுச் சோறு எத்தன நாளைக்குடா இறங்கும்?" என்று அவளே கேட்டாள்.

என் குணம் உங்களுக்குத் தெரியாததா? தொழிற்சாலை வாசலில் இத்தனை வருஷம் காவலுக்கு நின்றவன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்காமல் ஒருவரையும் வெளியே விட்டதில்லை. "மச்சான், நீ சாமி படத்தக்கூட திருப்பி, பின்னால என்ன இருக்குன்னு பாக்குற ஆளு லா" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவீர்கள். அந்த ஆளிடம் நின்று நின்று போகும் வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்? மெஷினைப் பார்க்கும் முன் மனுஷனைத்தான் பார்த்தேன்.

பார்வை உங்கள் கூட்டாளி மணியத்தின் மேல் விழுந்தது. நீங்கள் இருந்தபோது உங்களோடு குலை ஏற்றியவன், நீங்கள் போன பிறகு அவனேதான் வண்டியை ஓட்டினான். நான் சனி ஞாயிறு மட்டும் ஒத்தாசைக்குப் போவேன். கருமாதி முடிந்த கையோடு அவன் அக்காவிடம், "அண்ணி, வண்டிய விக்கிற மாதிரி இருந்தா வெளியாளுக்குக் குடுத்துடாதீங்க. எங்கிட்ட மொதல்ல ஒரு வார்த்த சொல்லுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால், வண்டியில் உங்கள் காலத்துச் சேறுகூட இல்லை. யாரோ தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். ஷெட்டுத் தரையில் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம். திருட வந்தவன் வண்டியைக் கழுவிவிட்டா போவான்? கைரேகையை அழிக்கத்தான் கழுவியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். சிரிக்காதீர்கள் மாமா.

"மணியம், நான் இல்லாதப்ப வண்டியக் கழுவுனியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பொய் சொல்கிற ஆளை எனக்குத் தெரியாதா? அந்த வாரத்திலிருந்துதான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

ரெம்பியாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சீனர் ஆ செங்கைக் கூட்டிவந்தேன். பில்டரை மாற்றினார். பைப்பில் இருந்த காற்றை எடுத்தார். வண்டி மறுபடி நின்றது. பிறகு ஒரு பாட்டிலில் டீசலை நிரப்பி மேலே தொங்கவிட்டு, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் போட்டார். மத்தியானம் வரைக்கும் நிற்கவே இல்லை. எஞ்சினில் கோளாறு இல்லை, டேங்கில்தான் என்னவோ இருக்கிறது என்றார். எனக்கு அது போதாதா? சீனியைப் போட்டிருக்கிறான், தண்ணீரைக் கலந்திருக்கிறான் என்று டேங்கைக் காலி பண்ணிக் காட்டச் சொன்னேன். டீசல் சுத்தமாக இருந்தது. அதற்கும் சமாதானம் ஆகவில்லை.

அப்போது ஒன்று கவனித்தேன். பானட்டில் சின்ன கதவைத் தூக்கினால் டீசல் மூடி இருக்குமே, அதன் தலையில் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆ செங் மூடியின் ஓரத்தை மட்டும் பிடித்துத் திருகி, "இனி செம்பாயாங் புஞ்ஞா, சாயா தா பெகாங்" என்று மலாயில் சொன்னார். சாமி சமாச்சாரம், தொடமாட்டாராம். நீங்கள் வைத்த பொட்டு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நானும் ஓரத்தைப் பிடித்தே திறந்தேன். வண்டி நிற்கும்போதெல்லாம் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று மூடியைத் திறந்து பார்ப்பேன். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும்.

கடைசியில் ஒரு ஞாயிறு, மணியத்தை அக்கா முன்னால் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டேன். "அக்கா, இவந்தான் ஏதோ பண்ணியிருக்கான். வண்டி ஓடலன்னா நீ வித்துடுவ. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்." அவன் அக்காவைப் பார்த்தான். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவன்தான். இப்போது லூபோக் சீனாவில் தங்கச்சி வீட்டில் தங்கி, யாருக்கோ லாரி ஓட்டுகிறான்.

அடுத்த வாரம் தனியாக வண்டியை எடுத்தேன். வீட்டு வாசலிலேயே நின்றது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"என்னடா இது, ஊறுகாய் போத்தல் தொறக்கிற மாதிரி?" என்றாள் அக்கா.

"மெதுவாக்கா, மாமா வச்ச சந்தனம் இருக்கு."

"அவரு எப்படா வச்சாரு? போன வருஷம் ஆயுத பூசைக்கு ஆஸ்பத்திரியிலல்ல கெடந்தாரு?" என்றவள் அப்படியே நின்றாள். "இந்த வருஷம் பூச அன்னைக்கு மணியம் வந்து ஒரு வாளி தண்ணி கேட்டான். கையில பொட்டலம் ஒண்ணு வச்சிருந்தான். என்னத்துக்குன்னு நான் கேக்கல."

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. டீசல் குறையக் குறைய அந்த வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும். காற்று போகாவிட்டால் டீசல் இறங்காது. நான் மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே போனதால்தான் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. துளை நிறையச் சந்தனம் இறுகிக் காய்ந்திருந்தது. அக்காவின் கொண்டை ஊசியால் குத்தி எடுத்தேன். வண்டி பொழுது சாயும்வரை ஓடியது.

ஆக, ஆளை நான் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன் மாமா. வண்டியை நிறுத்தியவன் மணியம்தான். எதற்காக என்பதில்தான் கோட்டை விட்டேன். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பூசை கிடையாது. தாலியறுத்தவள் பூசை போட்டாள் என்று நம் சொந்தங்கள் அக்காவை வாயில் போட்டு மெல்லும். உங்கள் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் இருக்கவும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறான்.

நேற்று லூபோக் சீனாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, வண்டிக்குத் திரும்பி வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "தொளை மேலயா வச்சேன்? கையில வந்தத அப்பிட்டு ஓடி வந்தேண்ணே." பிறகு சொன்னான்: "நீங்க எல்லாரையும்தான் சந்தேகப்படுவீங்க, அது பரவால்ல. அண்ணி ஒரு வார்த்த சொல்லலையே. அதான் வரமாட்டேங்கிறேன்."

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம், மனசு வரவில்லை. அவள் சொன்னாள், "நீ சொன்னப்ப ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேன்டா."

மாமா, நீங்கள் போனதிலிருந்து அவள் யார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. கூப்பிட்டவர்களிடம் எல்லாம் வருஷம் முடியட்டும் என்றுதான் சொல்வாள். நேற்று ராத்திரி சேலையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, "உன் காடிய காலையில எடு, லூபோக் சீனாவுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

"சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்கக்கா?"

"எனக்குப் பேச்சு வரக்கூடாதுன்னுதானடா அவன் ஒளிச்சு வச்சான். பேசுறவங்க பேசட்டும். நான் போய்க் கூப்பிடுறேன்."

வெளியே கார் தயாராக நிற்கிறது. அவள் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் வருவானா? இன்றைக்கு வராவிட்டால் அடுத்த ஞாயிறும் போவோம். அவனை உங்கள் சீட்டில் ஏற்றி உட்கார வைக்காமல் நான் விடமாட்டேன் மாமா. இதையாவது நம்புங்கள்.

உங்களை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படாத,
உங்கள் மச்சான்
குணா