ஆவடியில் இறங்கிவிட்டேன்

லெந்து நோன்புக் கால வெள்ளி, இரவு.

காலை ஜெபத்தில், "அண்ணனைப் போய்ப் பார்" என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னார். திருநின்றவூருக்கு டிக்கெட்டும் எடுத்தேன். வண்டியில், அம்மாவின் அடக்கத்தன்று அண்ணன் என்னைப் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. அவர் டயாலிசிஸில் இருப்பது தெரிந்தும், ஆவடியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "பாப்பா, நீ வருவேன்னு காலைல ஜெபத்துல மனசுல பட்டுச்சு. அப்பலேர்ந்து ஸ்டேஷன்லயே உக்காந்துகினு கீறேன்."

"வேலை வந்துடுச்சுண்ணா" என்று பொய் சொன்னேன்.

"பரவால்ல பாப்பா. நாளைக்கும் வந்து உக்காருறேன்."

ஆண்டவரே, கீழ்ப்படியாதவள் நான். தண்டனை எனக்கே இருக்கட்டும். கோபம் இன்னும் அடங்கவில்லை. நாளை அதோடுதான் அண்ணனிடம் போவேன். நான் போய்ப் பார்க்கும்வரை அவரை எடுத்துக்கொள்ளாதேயும்.