மூன்று முறை தளர்த்திய கயிறு

என் செல்லக் கோபக்கார அக்காவுக்கு,

உன் மகள் கவிதா போன வாரம் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்துவிட்டாள். எறிந்த பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறாள், ஆனால் தீபாவளிக்குத் தைத்த சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. 

நீயும் இப்படித்தானே இருந்தாய்? இறப்பர் மலையில் பால் வெட்டும்போது கை நடுங்கி, கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிடும். கங்காணி ஏசுவார், நீ திருப்பி ஏசுவாய். வாய்க்கொழுப்பு என்றார்கள் நம் லயத்து வரிசை வீடுகளில். காத்து கருப்பு பிடித்துவிட்டது என்று உன் புருஷன் பூசாரியிடம் கறுப்புக் கயிறு வாங்கி வந்து உன் கழுத்தில் கட்டினார்.

கயிறு இறுக்குகிறது என்றாய். அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். இரண்டு மாதத்தில் மறுபடி இறுக்கியது, மறுபடி தளர்த்தினேன். மூன்று முறை, அக்கா. கட்டிய கயிறு எப்படிச் சுருங்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிச் சொல்லியே ஒருநாள் மரத்தடியில் விழுந்து எங்களை விட்டுப் போய்விட்டாய்.

கவிதாவின் கழுத்து சற்றுப் புடைத்திருப்பதை முதலில் கவனித்தவர் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ். "கேந்தி யனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார், கோபம் வருமா என்று. கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தின்றது உடம்பில் ஒட்டாது, மனசும் எரியும். வீட்டுக் கவலை அதை இன்னும் கிளறிவிடுமாம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரலாம், கேகாலை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பாருங்கள் என்றார்.

உன் புருஷன், மாமா, அதைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் புறப்படும்போது உன் கயிற்றையே பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

"அவ அம்மா போட்டிருந்த கயிறு. இதக் கட்டுனா போதும். ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்."

"குடுங்க மாமா" என்று வாங்கினேன். முடிச்சுப் போட்ட தடங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். "இது நீங்க கட்டுனது. இந்த மூணும் நான் தளத்திக் கட்டுனது. கயிறு சுருங்கல மாமா. அக்கா கழுத்துதான் வீங்கிக்கிட்டே போயிருக்கு. எனக்கு அப்ப வெளங்கல."

மாமா கயிற்றை வாங்கி முடிச்சுத் தடங்களை விரலால் எண்ணிப் பார்த்தார். நடுக்கம் தெரியாமலிருக்கக் கவிதா கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்திருந்தாள்.

"கேகாலை பஸ் எத்தன மணிக்கு?" என்றார் கடைசியில்.

இரத்தம் எடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை றிப்போர்ட் வரும்.  இதற்கு மருந்து இருக்கிறது என்று மிஸ் தைரியம் சொன்னார். அப்படியென்றால் உனக்கும் இருந்திருக்குமா, அக்கா? யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. முதலில் என் மேல்தான்.

றிப்போர்ட்டில் எது வந்தாலும் சரி, அவளை நான் விடமாட்டேன். மாத்திரை தந்தால் நாள் தவறாமல் என் கையாலேயே கொடுப்பேன். அவள் தட்டை எறிந்தால் முதலில் நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்பேன், ஏச்சு பிறகுதான். அவளை வாய்க்கொழுப்புக்காரி என்று இந்த லயத்தில் ஒருவரையும் சொல்ல விடமாட்டேன். உன்னைச் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

உன் கயிற்றைத் தளர்த்திக் கட்டிய தங்கச்சி,
மல்லிகா