பதினொன்றாம் பத்தி

நவம்பர் 12
எங்கள் வீட்டின் முதல் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை, கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து திமிங்கிலத்தைப் பற்றி எழுதுவது. பருவநிலை மாநாட்டு வரைவு தினமும் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் வரும். நான் தமிழில் பெயர்க்க வேண்டும். இன்று பதினொன்றாம் பத்தி: ‘திமிங்கிலமும் ஓங்கலும் வாழும் கடல்களைக் காக்க நாடுகள் உறுதியளிக்கின்றன.’ ஓங்கல் என்றால் டால்பின். இரை குறைந்தால் திமிங்கிலத்துக்குக் கரு தங்காதாம்.

நவம்பர் 15
‘உறுதியளிக்கின்றன’ போய் ‘கவனத்தில் கொள்கின்றன’ வந்திருக்கிறது. இதற்கு மூன்று நாள் சண்டை. சீ.

நவம்பர் 18
மாநாடு முடியவே இல்லை, மீனவர்களுக்கான எங்கள் துண்டறிக்கை அச்சாகிவிட்டது. மாதக் கடைசிக்குள், அதை விநியோகிக்கும் புகைப்படம் நிதி தருபவர்களுக்குப் போனால்தான் அடுத்த நிதி வருமாம். பழைய வாக்கியமே இருக்கிறது: நாடுகள் உறுதியளித்துவிட்டன, மீனவர்களே, ஓங்கல் சிக்கினால் வலையை அறுத்து விடுங்கள்.

கடலூர்ப் பக்கத்து மீனவப் பெண்கள் குழுத் தலைவி சின்னப்பொண்ணு அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“நாங்க வலைய அறுத்து வுடறோம் பாப்பா. அவங்க இன்னாத்த அறுப்பாங்க?”

உறுதி கொடுத்திருக்கிறார்கள் என்றேன். நானே சொன்னேன்.

நவம்பர் 23
மாநாடு முடிந்தது. இறுதி அறிக்கையில் அந்தப் பத்தியே இல்லை. ‘கடல்’ மட்டும் எங்கோ ஓரிடத்தில். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டும் காணொளியைப் பார்த்தேன். பாதியில் மூடினேன்.

இயக்குநர் வெங்கடேசன் சாரிடம் போய் நின்றேன். துண்டறிக்கையில் இருப்பது பொய்யாகிவிட்டது, நிறுத்திவிடலாம் என்றேன். சிரித்தார். “திமிங்கலமா படிச்சிட்டு கேஸ் போடப்போவுது? போய் நோட்டீஸ் கட்டுங்கள வண்டில ஏத்தும்மா.”

ஏத்தினேன். இன்னா பொழப்பு இது — இதுக்கா படிச்சேன்?

நவம்பர் 27
அக்கா ஊர் மீனவர் கூடத்தில் எண்பது பேர். கேமரா ஓடியது. துண்டறிக்கையை என்னைத்தான் படிக்கச் சொன்னார் சார். அந்த வரி வந்ததும் தாளைக் கீழே வைத்தேன். அப்புறம், “நாடுங்க உறுதி எதுவும் தரலீங்க. அந்த வரிய எடுத்துட்டாங்க. அக்காகிட்ட நான் சொன்னது பொய்,” என்றேன். மைக் அணைந்தது.

முன்வரிசையில் இருந்த சின்னப்பொண்ணு அக்கா எழுந்து பின்பக்கம் திரும்பி, காதில் விழாதவர்களுக்கு அதையே உரக்கச் சொன்னார்.

டிசம்பர் 1
இனி வர வேண்டாமாம். படித்த பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று அம்மா திட்டினாள். அவளோடு மரவள்ளி பிடுங்கப் போனேன்.

டிசம்பர் 9
வடக்கனந்தலில் ஒரு பள்ளி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பினேன். கடைசிக் கட்டம்: ‘முந்தைய வேலையை விட்ட காரணம்’.

‘திமிங்கிலம்’ என்று எழுதினேன். அடிக்கவில்லை.