தோளில் இருக்கும் கை

டெர்ரி
14 நவம்பர் 1988

அன்பு மகள் ப்ரோனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சளி இருமல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ராட்டர்டாமில் நீ நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். இங்கே நான் இருக்கிறேன், மழையும் இருக்கிறது. மழைக்கு ஒரு மணி நேரம் முந்தியே முழங்கால் வலி வந்து சொல்லிவிடும், ரேடியோக்காரனைவிட நம்பகமான ஆள். பின்பக்கக் கூரையில் இரண்டு ஓடு காற்றில் போய்விட்டன, அடியில் வாளி வைத்திருக்கிறேன். நாய் டஃபிக்குக் கண் நன்றாக மங்கிவிட்டது, சுவரில் போய் முட்டிக்கொள்கிறது, ஆனால் பிரிட்டிஷ் பட்டாளத்தார் ரோந்து வந்தால் மட்டும் எப்படித்தான் தெரியுமோ, ஏழு பேர் போனால் ஏழு பேரையும் எண்ணி எண்ணிக் குரைக்கிறது. மதில்மேல் இருக்கும் கண்காணிப்புக் கோபுரத்தில் புதிதாக ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள், அது நேராக நம் கொல்லையைத்தான் பார்க்கிறது. உன் தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே என் கிழிந்த உள்பனியனைக் கொடியில் காயப்போடுகிறேன், வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். கல்லறைத் திருநாளன்று அம்மாவிடம் போய் வந்தேன். கல்லைக் கழுவி, வெள்ளைச் செவ்வந்தி வைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை, சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன்.

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. மறுநாளே பதில் போடுகிற மனுஷன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று யோசித்திருப்பாய். இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். எதிர்வீட்டு டிம்ப்னா அத்தையின் மகன் ஃபெர்கல், பதினாலு வருஷமாக இங்கிலாந்தில் இருப்பதாக ஊர் சொல்லும் ஃபெர்கல், அவன் படம் அம்மாவின் பிஸ்கட் டின்னுக்குள் எப்படி வந்தது என்பது ஒன்று. பழைய படங்களை வெட்டி ஒட்டி நீ செய்த ஒட்டுப்படம் அடுத்த மாதம் டப்ளினுக்குப் போவதற்குள் அவன் முகத்தை மட்டும் எடுத்துவிடட்டுமா என்பது இன்னொன்று. உன்மேல் தப்பு இல்லை மகளே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலமாரியின் மேல் படமாக இருக்கிறவர்கள் எல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள், டின்னுக்குள் இருக்கிறவர்கள் போய்ச்சேர்ந்தவர்கள், இது நம் வீட்டில் தவழும் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். துக்கம் நடந்த வீட்டிலிருந்து நினைவு அட்டை வந்தால் உன் அம்மா எத்னா அதிலிருக்கும் படத்துக்கு ஒரு முத்தம் கொடுத்து டின்னில் போட்டு மூடுவாள். அம்மாவின் அடக்கத்துக்கு நாலு நாள் வந்த நீ அந்த டின்னை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாய், நானும் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்க்காமல் தலையாட்டிவிட்டேன். ஃபெர்கல் அதில் இருந்தால், நீ ஊரில் இல்லாத காலத்தில் அவன் செத்த செய்தி வந்திருக்கும் என்றுதானே நீ நினைப்பாய்.

இங்கே உன் ஒட்டுப்படக் கண்காட்சி நடந்த அன்று என்ன ஆயிற்று என்று கண்காட்சிக் கூடத்துக்காரர்கள் உனக்கு ஃபோனில் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு டிம்ப்னா பூசைக்குப் போடும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்குமாக ஹாம் வைத்த சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். உன் படத்தைச் சுவர் நீளத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். நம் தெரு அப்படியே இருக்கிறது, கூரைகளை வெட்டிவிட்டு அங்கே முள்கம்பிச் சுருளை ஒட்டியிருக்கிறாய், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், எல்லாம் நினைவு அட்டை முகங்கள், சிரித்த முகமாக. எனக்குப் பின்னால் ஒருத்தன் கத்தரியும் பசையும் இருந்தால் இதை நானும் செய்வேன் என்றான். டிம்ப்னா திரும்பி, "கத்தரி உங்க வீட்லயும் இருக்குடா, அந்த மண்டைதான் இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் ஜபமாலை உருட்டுகிற மாதிரி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், இவன் ஊர்வலத்தில் சுடப்பட்டவன், இவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது குண்டில் போனவள் என்று ஒவ்வொருவருக்கும் சிலுவை போட்டாள். தன் வீட்டுக்கு வந்தாள். மாடி ஜன்னல், கிறிஸ்துமஸ்தோறும் மகன் வழி தெரிந்து வரட்டும் என்று அவள் மெழுகுவத்தி ஏற்றி வைக்கும் அதே ஜன்னல். அதில் ஃபெர்கல் நிற்கிறான், பத்தொன்பது வயதுச் சிரிப்போடு, அவன் தோளில் வேறு யாருடைய கையோ.

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "எம் புள்ளைய இவங்களோட யாரு நிக்க வச்சது?" என்று என்னைக் கேட்டாள், சத்தமே இல்லாமல். டின் விவரத்தைச் சொன்னேன். அப்படியென்றால் டின்னுக்குள் அவனைப் போட்டது யார் என்றாள். நான் சொன்ன பதிலை எழுத எனக்குக் கை கூசுகிறது. எத்னா போட்டிருப்பாள் என்று சொன்னேன். அவளால் வந்து மறுக்க முடியாது பார். டிம்ப்னா, "எத்னாவா? வெள்ளிக்கிழமை தவறாம எங்கூட முட்டி போட்டு, ஃபெர்கல் திரும்பி வரணும்னு மெழுகுவத்தி ஏத்துனவளா?" என்று கேட்டுவிட்டுச் சாண்ட்விச் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வீட்டு ஜன்னல் திரை எல்லாம் இறக்கியிருந்தது. தெருவே குழம்பிப்போய்விட்டது ப்ரோனா. சாவு விழுந்த வீட்டில்தானே திரை இறக்குவோம், ஆனால் உள்ளே உடல் இல்லை, சாமியார் வரவில்லை, கேட்டால் கதவைத் திறப்பதில்லை. பெண்கள் கேக்கும் டீத்தூளும் எடுத்துக்கொண்டு துக்கம் கேட்கக் கிளம்பி, யாருக்கென்று துக்கம் கேட்பது என்று தெரியாமல் வாசலிலிருந்தே திரும்பிப் போனார்கள். திரை இன்றைக்கும் ஏறவில்லை. போன புதன்கிழமை பகலில் அவளே நம் வீட்டுக்கு வந்தாள். நான் டீ போட்டேன், அவள் குடிக்கவில்லை. அச்சுக்கடைக்குப் போய் வந்தேன் என்றாள், ஃபெர்கலுக்கு நினைவு அட்டை அடிக்க. "பேரு இருக்கு, படம் இருக்கு. மலக்கி, தேதி என்னம்மான்னு கேக்குறான் அச்சுக்காரன். தேதி இல்லாம அட்டை அடிக்க மாட்டானாம். எங்க அடக்கம் பண்ணீங்கன்னு வேற கேக்குறான்" என்றாள். மேஜைமேல் இருந்த என் இடது கையை, வண்டியில் வீடு வீடாக ரொட்டி கொண்டுபோன கையை, அவள் எடுத்து, பாதி போன சுண்டுவிரலைத் தன் விரலால் ஒரு தடவை தடவினாள். "இருபது வருஷம் இந்தக் கையாலதான எனக்கு ரொட்டி குடுத்த. அவ்ளோ பெருசாக்கி மாட்டியிருக்காங்க, எனக்குத் தெரியாதா? ஏன்னு நான் கேக்க மாட்டேன். யாருன்னும் கேக்க மாட்டேன். எங்கன்னு மட்டும் சொல்லு" என்றாள். நான் சொல்லவில்லை. உன் அப்பா அப்படிப்பட்ட கோழை.

அடுத்த நாள் ஹ்யூகி வந்தான். உனக்கு அவனைத் தெரியும், துப்பாக்கி தூக்கிய இயக்கத்துப் பையன்களில் அந்தக் காலத்திலேயே பெரியவன், இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறான், ஆனால் தெருவில் அவன் சொன்னால் சொன்னதுதான். டஃபிக்கு எலும்புகூடக் கொண்டுவந்திருந்தான். "பொண்ணு நல்லாத்தான் பண்ணியிருக்கு மலக்கி. ஒரு மூஞ்சி மட்டும் கொஞ்சம் இடறுது. எடுத்துடச் சொல்லு, அவளுக்கு என்ன பெரிய வேலை, கத்தரிய ஒரு ஓட்டு ஓட்டுனா முடிஞ்சுது" என்றான். கதவுவரை போய்த் திரும்பி, "ரொட்டி வண்டிக்காரங்க எப்பவும் நல்லவங்க. எல்லா வீட்டுக்கும் போவாங்க, எதையும் பாத்திருக்க மாட்டாங்க" என்று சிரித்தான். அவன் போன பிறகு உட்கார்ந்து, முகத்தை எடுத்துவிடு மகளே என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அதை இன்று காலை அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு வயது, வெள்ளை ஷூ கடிக்கிறது என்று கோயில் முழுக்க நொண்டினாய். அன்றைக்கு நான் வாங்கிக் கொடுத்த கேமராவில் முதலில் எடுத்ததே எங்களைத்தான், கோயில் வாசலில் நானும் ஃபெர்கலும். சிரியுங்கள் என்று அதட்டினாய், நான் அவன் தோளில் கை போட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, எழுபத்து நாலு மே ஏழாம் தேதி, காலையில் ரொட்டி ஏற்றும்போது ஹ்யூகி வந்து, பையன் பட்டாளத்தாரிடம் ஏதோ வாயை விட்டிருக்கிறான், எல்லைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் இரண்டு பேர் அவனை விசாரிக்கணும், பேச்சு மட்டும்தான், சாயந்திரம் திரும்பிவிடுவான் என்றான். ரொட்டி வண்டியைச் சோதனைச் சாவடியில் யாரும் நிறுத்துவதில்லை என்று அவனுக்குத் தெரியும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கதி என்ன என்று பயந்தேன். ஃபெர்கல் என் பக்கத்தில் உட்கார்ந்து சூடான பன் ஒன்றைத் தின்றுகொண்டே வந்தான். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். "ஏன் மாமா உம்முனு வர்றீங்க, ரொட்டி கருகிடுச்சா?" என்று கேலி செய்தான். எல்லை தாண்டி ஆறு மைல், அடுப்பெரிக்க மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டும் சதுப்புநிலம், உடைந்த இரும்புக் கேட்டு, பக்கத்தில் ஒற்றை வெண்முள் மரம், அது பூத்திருந்தது. இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அம்மாவிடம் ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன், திரும்பும்போது என்னை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஃபெர்கல் இறங்கிப் போனான். பாதிப் பன்னை முன்கண்ணாடி அடியில் வைத்துவிட்டுப் போனான். மதியம் திரும்பி வந்து அந்தக் கேட்டருகில் ஒரு மணி நேரம் நின்றேன், யாரும் வரவில்லை. பசித்தது, அந்தப் பாதிப் பன்னைத் தின்றேன். அப்போது எனக்குத் தெரியாது ப்ரோனா. அல்லது தெரிந்தேதான் தின்றேனோ என்னவோ, பதினாலு வருஷமாக அதைத்தான் யோசிக்கிறேன். மறுநாள் ஹ்யூகி இங்கிலாந்து என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதை டிம்ப்னாவிடம் கொண்டுபோய்ச் சொன்னவனும் நான்தான், கப்பலேறிவிட்டானாம் என்று.

உன் பிலிம் கழுவி வந்தபோது கடைக்கு நான்தான் போனேன். அந்த ஒரு படத்தை மட்டும் உனக்குக் காட்டவில்லை, அது மங்கிப்போய்விட்டது என்று சொன்னேன். நீ தேம்பித் தேம்பி அழுதாய். சமையலறைக் கத்தரியால் அவன் பக்கத்திலிருந்து என்னை வெட்டி எடுத்தேன், கை மட்டும் அவன் தோளோடு போய்விட்டது, அதை வெட்டினால் அவன் தோளையும் வெட்ட வேண்டும். அவனைக் குப்பையில் போட மனம் வரவில்லை. செத்தவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்று டின்னில் எல்லோருக்கும் அடியில் வைத்தேன். இந்த ஊரில் அவனை அடக்கம் செய்தது அந்த ஒரு தடவைதான், செய்தவனும் நான்தான். உன் அம்மா சாகும்வரை அவனுக்காக மெழுகுவத்தி ஏற்றினாள், என்மேல் ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லை. அவள் பெயரில் நான் போட்ட பழியை அவள் கல்லறையில் நின்றுகூட எடுக்க முடியாமல்தான் அன்று திரும்பி வந்தேன்.

இதை எழுதி முடித்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பேன், இங்கே யார் கண்ணும் படக்கூடாது. வந்ததும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். தேதி சொல்வேன், கேட்டைச் சொல்வேன், அவள் விரும்பினால் நாளைக்கே கூட்டிப்போய்க் காட்டுவேன், அந்த மரத்தை மட்டும் வெட்டாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஹ்யூகியோ அவன் பேச்சைக் கேட்கிறவர்களோ என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடனே ஓடி வந்துவிடாதே, டிம்ப்னா எழுதினால் மட்டும் வா, என்னை எங்கே வைப்பது என்பதையும் அவளே சொல்லட்டும். டஃபியைச் சாமியார் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள், கேட்டு வைத்திருக்கிறேன்.

கடவுளும் மாதாவும் உன்னைக் காக்கட்டும் மகளே. உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், நீ வெட்டி ஒட்டுவது யாருக்கும் பிடிக்காமல் போனாலும் நிறுத்தாதே. குளிர் ஆரம்பித்துவிட்டது, கையுறை போட்டுக்கொள், பசை தொட்ட கையோடு சாப்பிடாதே. உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான், அவன் முகத்தை எடுக்காதே. இந்த உறைக்குள் அந்தப் படத்தின் மற்ற பாதி இருக்கிறது, பதினாலு வருஷமாக என் லைசென்ஸ் அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன், ஓரம் கொஞ்சம் நைந்திருக்கும். அந்தக் கையோடு சேர்த்து என்னை ஒட்டிவிடு. ஜன்னலில் வேண்டாம், அது அவர்கள் இடம். கீழே, டிம்ப்னா வீட்டு வாசலில் நிற்க வை.

உன் அப்பா
மலக்கி