முப்பத்திநாலாம் பக்கத்துப் பாய்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

கந்தோரில் இன்றும் கேட்டார்கள். "நாப்பத்திமூணு வயசுல பட்டத்த எடுத்து எங்க கொழுவப் போறீங்க?" தலைமை எழுதுவினைஞர் ஆதம்பாவா. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். உங்கட தலைக்கு மேலதான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெளிவாரிப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் தரும் கெடு எட்டு வருடம். எனக்கு அது இந்த டிசம்பரோடு முடிகிறது. பாடங்கள் எல்லாம் சித்தி. மிச்சம் ஆய்வுக்கட்டுரை மட்டும்தான், அதையும் நவம்பரில் அனுப்பிவிட்டேன். அது தேறினால் பட்டம். தேறாவிட்டால் மறுபடி எழுத நேரமில்லை, எட்டு வருடமும் கடலில் கொட்டின மாதிரி.

உம்மாவின் வளவில் இரண்டு வீடு. மூத்தவள் எனக்கு ஒன்று, தங்கை நஜ்லாவுக்கு ஒன்று, சீதனமாகத் தந்தவை. நடுவில் வேலி இல்லை. நஜ்லாவைக் கட்டிய மாப்பிள்ளை இன்பாஸ் ஆசிரியர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் செயலாளர் வேறு. நான் பதிந்ததைப் பார்த்து இரண்டு வருடம் கழித்து அதே பட்டத்துக்குப் பதிந்தார். அவர் படிக்கக் குந்தினால் அந்த வீட்டில் மிக்சி கூட ஓடக்கூடாது. நான் படித்தால் சோறு குழைந்துவிட்டது என்று பேச்சு வரும்.

கம்பியூட்டரும் வை-பையும் அந்த வீட்டில்தான். என் கையெழுத்துப் பிரதியை நஜ்லா நாற்பது நாள் இருந்து தட்டச்சு செய்து தந்தாள். அந்த வீட்டைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதலாமென்றால் அதுதான். எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 20

முடிவு வரவில்லை. தபால்காரர் மின்சார பில்லை மட்டும் தந்துவிட்டுப் போனார்.

மார்ச் 6, வியாழன். நோன்பு 5

வந்தது.

"உமது ஆய்வுக்கட்டுரையின் எண்பத்தொரு வீதம், ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்ட வேறொரு மாணவரின் ஆய்வுக்கட்டுரையுடன் ஒத்திருப்பது அவதானிக்கப்பட்டுள்ளது." ஏப்ரல் 24 இணையவழியில் விசாரணை. பிரதி பண்ணியது நிரூபணமானால் பதிவு ரத்து. ஒத்த பக்கங்கள் இணைப்பில்.

மற்ற மாணவரின் பெயர் போடவில்லை, சுட்டெண் மட்டும். அந்த எண் எனக்குத் தெரியும். தபால்காரர் மாறிப் போட்ட உறைகளை எத்தனை தடவை முற்றத்தைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்!

நான் எழுதினத நானே களவெடுத்தேனாம். யாருக்கிட்டப் போய்ச் சொல்ல? நோன்பு திறக்கக் கஞ்சியை குடித்துக்கொண்டே கடிதத்தை மறுபடி வாசித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து இன்பாஸ் வரும் வரை அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். கடிதத்தைக் காட்டினேன். இன்பாஸ் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஒரு கலக்கம் இல்லை.

"நோன்போட சத்தம் போடாதீங்க மைனி. ஒரே வளவு, ஒரே கம்பியூட்டர். கொஞ்சம் ஒத்துப் போறதுதானே."

கொஞ்சம்! எண்பத்தொரு வீதம் இவருக்குக் கொஞ்சம். என்னைவிட ஒன்பது நாள் முந்தி அனுப்பியிருக்கிறார். முந்தினவர் சொந்தக்காரர், பிந்தினவள் கள்ளி.

குசினிக்குள் போனேன். நஜ்லா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான்தான் குடுத்தன் ராத்தா. அவருக்குத் தர உயர்வு நிண்டு போய்க் கிடக்கு. உங்களுக்கு அது சும்மா ஒரு ஆசைதானே."

சும்மா ஆசை. நான் கந்தோர் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தது சும்மா ஆசை. பரீட்சை மண்டபத்தில் என் மகன் வயதுப் பிள்ளைகளோடு குந்தியிருந்தது சும்மா ஆசை. ஏன்டி, ஒரு வயித்துல பொறந்தவள்தானே நீ? வேறு யாராவது கொடுத்திருந்தால் இந்நேரம் திட்டித் தீர்த்திருப்பேன். இவளுக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை.

நாற்பது நாள் தட்டச்சு செய்தாளே, அதில் எந்த நாள் தீர்மானித்தாள்? முதல் நாளா? கடைசி நாளா? நான் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டிய நாள்களிலுமா?

மார்ச் 9

என் மாப்பிள்ளை றஸாக் கடையை மூடிவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உடு புள்ள. பள்ளிச் செயலாளர் மனிசன். வெளிய போனா ஊரே சிரிக்கும்."

"என்னப் பாத்துச் சிரிச்சா பறவாயில்லயா?"

தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தராவீஹ் தொழுகைக்குப் போய்விட்டார். இருபது வருடமாக இவருடைய பதில் இப்படித்தான்.

மார்ச் 15, சனி

இணைப்பிலிருந்த பக்கங்களை இன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். இதுவரை கோபத்தில் கண் தெரியவில்லை.

என் ஆய்வு, கணவன் மரணித்த பிறகு வயலைத் தாமே நடத்தும் பெண்களைப் பற்றியது. நற்பிட்டிமுனையில் ஏழு பேரைக் கண்டு எழுதினேன். அதில் ஒருத்திக்கு "ஸி." என்று பெயர் வைத்திருந்தேன். போன வருடம் ஜனவரியில் கணவன் மௌத்து. பயிர் பாதியில் நிற்கிறது. அவள் இத்தாவில், துக்கம் காக்க ஓர் அறைக்குள். அந்த அறைக்குள் இருந்தபடியே, வயல் வாய்க்கால்களைப் பார்க்கும் வட்டைவிதானைக்குப் ஃபோன் எடுத்துத் தண்ணீரைக் கட்டச் சொல்லி, வெட்டு மெஷின் பிடித்து, நெல்லையும் விற்று முடித்தாள். என் ஆய்வின் உயிரே அவள்தான்.

முப்பத்திநாலாம் பக்கம்: "மார்ச் 14ஆம் திகதி அவரது அறையில், பாயில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து மூன்று மணித்தியாலங்கள் உரையாடினேன். அவர் அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டேன்."

இன்பாஸுடைய முப்பத்திநாலாம் பக்கத்தைப் பார்த்தேன். அதே வரி. அதே திகதி. அதே பாய்.

சத்தம் போட்டுச் சிரித்தேன். பள்ளிவாசல் செயலாளர், இத்தா இருக்கிற பெண்ணின் அறைக்குள், அவள் பாயில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு! சொந்தச் சகோதரனும் பிள்ளைகளும் தவிர ஆண் நிழல் படாத அறை அது. முகப்பில் பெயரையும் அடுத்து முன்னுரையையும் மாற்றியவர் உள்ளே ஒரு வரியும் வாசிக்கவில்லை. களவெடுத்தது ஒரு கோபம். வாசிக்காமல் களவெடுத்தது அதைவிடப் பெரிய கோபம்.

விசாரணையில் இதை எடுத்தால் அவருக்குத் தப்ப வழியில்லை. போனேன் என்றால் மானம் போகும், போகவில்லை என்றால் களவு வெளிப்படும்.

ஆனால் அவர் போனேன் என்று துணிந்து பொய் சொல்லிவிட்டால்? அந்தப் பெண்ணின் பெயர் என்னாகும்? என் பட்டத்துக்காக அவளுடைய அறைக்குள் ஓர் ஆணை நானே கூட்டிக்கொண்டு போவதா?

மார்ச் 31

பெருநாள். இந்த வருடம் முற்றத்தைக் கடந்து வட்டிலப்பம் போகவுமில்லை, வரவுமில்லை.

ஏப்ரல் 5, சனி

நற்பிட்டிமுனைக்குப் போனேன். "ஸி." என்பது ஸில்மியா. வாசலில் உரமூடைகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க முகம் சிவந்து வந்தது.

"என்ட அறைக்குள்ள வந்தானாமா அவன்? என்ட கையப் புடிச்சானாமா?"

"வாசிக்காமப் பேர மாத்தினதுல வந்த வின புள்ள. நீங்க வேணாமெண்டா நான் இதக் கதைக்க மாட்டன்."

"நான் விதானையோட ஃபோன்ல கதைச்சதுக்கே, இத்தாவுல ஆம்புளையோட என்ன கதை எண்டு இந்த ஊர் என்னத் திண்டு தீத்திச்சு. இப்ப அவன் என்ட பாயில குந்தியிருந்த எண்டு கடுதாசியில கிடக்கு, நான் வாய மூடிக்கிட்டு இரிக்கவா? நல்லாக் கேளுங்க. நானும் பக்கத்துல இரிப்பன்."

இவ்வளவு நாளில் என் பக்கம் நின்று ஒருத்தி கோபப்பட்டது இன்றைக்குத்தான். வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

ஏப்ரல் 23

வை-பை வேலை செய்யவில்லை. நஜ்லாவின் மகள் அம்ஹாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வாப்பா பாஸ்வேர்ட மாத்திட்டாரு பெரியம்மா. உங்களுக்குச் சொல்ல வேணாமாம்."

விசாரணைக்கு முதல் நாள். எவ்வளவு கேவலமான மனிதன்! பரவாயில்லை. ஃபோனுக்கு டேட்டா போட்டுக்கொண்டேன். நாளைக்கு ஸில்மியா வீட்டில் இருந்தே பேசுவேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதியே ஆக வேண்டும்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். கேள்வி கேட்டவர் தமிழ் விரிவுரையாளர், ஓர் அம்மா. இன்பாஸ் வெள்ளைச் சட்டையோடு, பின்னால் புத்தக அலுமாரி தெரிகிற மாதிரி குந்தியிருந்தார். ஆய்வு முழுக்கத் தன்னுடையதாம். எனக்கு "உதவி செய்யக் குடுத்த" பிரதியை நான் என் பெயரில் அனுப்பிவிட்டேனாம். பெரிய பெருமூச்சு வேறு. "குடும்பத்துக்குள்ள இப்படி வந்திட்டுது மிஸ், நான் மைனியில கோவிக்கல்ல."

கோவிக்கவில்லையாம்!

"நேர்காணல் எல்லாம் நீங்களே செய்ததா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஓம் மிஸ். எல்லாரையும் நேர்ல போய்த்தான் கண்ட."

ஒரு கேள்வி கேட்க அனுமதி கேட்டேன். தந்தார்கள்.

"முப்பத்திநாலாம் பக்கத்துல இரிக்கிற பொம்புளட மாப்புள எப்ப மௌத்து?"

தாளைப் புரட்டினார். "ஜனவரி ரெண்டாம் திகதி."

"நீங்க போன?"

"மார்ச் பதினாலு."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். விரிவுரையாளருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன்: கணவனை இழந்த பெண் எங்களில் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள், அந்நிய ஆண் யாரும் அவளைக் காண முடியாது.

"அப்ப இவர் எப்படிக் கண்டவர்?"

"அதத்தான் மிஸ் நானும் கேக்கிறன்."

"திரைக்கு இஞ்சால இருந்து..." என்று இன்பாஸ் இழுத்தார்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய பிரதியிலிருந்தே வாசித்தார், பாயில் இருந்ததையும் கையைப் பிடித்ததையும். அவர் வாசித்து முடிக்க ஸில்மியா என் கையிலிருந்த ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான்தான் அந்தப் பொம்புள. என்ட பாயில இருந்த இந்த ராத்தாதான். அந்த மனிசன இண்டைக்குத்தான் காணுறன், அதுவும் ஃபோனுக்குள்ள."

இன்பாஸின் கெமரா நின்றது. சிக்னல் இல்லையாம். வை-பைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவருக்குச் சிக்னல் இல்லை!

சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். வேறென்ன எழுத?

ஏப்ரல் 29

ஸில்மியா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நற்பிட்டிமுனையில் சொன்னது பின்னேரத்துக்குள் எங்கள் கல்முனைக்கு வந்துவிட்டது. இன்பாஸ் "சுகயீனம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சபையிலிருந்து விலகினாராம்.

பழி எனக்குத்தான். தங்கச்சிட வாழ்க்கையக் கெடுத்தவள், படிச்சுத் திமிர் புடிச்சவள். அவர் களவெடுத்ததைப் பற்றி ஒரு வாயும் பேசவில்லை. றஸாக்குக்குக் கடையில் முகம் காட்ட முடியவில்லையாம். காட்டாமல் இருங்கள்.

மே 2

முற்றத்தின் நடுவில் தகர வேலி. காலையில் ஆள் வந்து அடித்தார்கள். இன்பாஸுக்கு இந்த வளவில் ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை, அவர் அடித்திருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பேன். ஆனால் பக்கத்தில் நின்று கயிறு பிடித்து அளவு சொன்னவள் நஜ்லா. அவளுக்குச் சொந்தம். அடிக்கட்டும்.

நாளைக்கே எனக்கென்று இணைய இணைப்பு எடுப்பேன்.

ஜூலை 15

முடிவு வந்தது. என் ஆய்வுக்கட்டுரை ஏற்கப்பட்டது. இன்பாஸுக்கு மூன்று வருடத் தடை. சின்னத் திருத்தங்கள் செய்து கட்டிய பிரதிகளை அனுப்ப வேண்டும்.

முதல் பக்கத்தில் நன்றியுரை. "நாற்பது நாள்கள் பொறுமையோடு தட்டச்சு செய்து தந்த என் அன்புத் தங்கை நஜ்லாவுக்கு மனமார்ந்த நன்றி." நான் எழுதியதை அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். இந்த வரிக்கு வந்தபோது கை நிற்கவில்லையாடி உனக்கு?

முழு வரியையும் வெட்டப் போனேன். ஆனால் அவள் நாற்பது நாள் குந்தியிருந்தது பொய்யில்லை. என் பிரதியில் பொய் இருக்கக்கூடாது, உண்மையை மறைக்கவும் கூடாது. அன்பை எடுத்தேன். பொறுமையை எடுத்தேன். நன்றியை எடுத்தேன். மிஞ்சியது: "தட்டச்சு: நஜ்லா."

செப்டெம்பர் 18

பட்டம் உறுதி. கடிதத்தை ஆதம்பாவாவின் மேசையில் விரித்து வைத்தேன். வாசித்துவிட்டு ஃபைலைத் தேடுகிற மாதிரி எழும்பிப் போனார். கட்டிய பிரதி ஒன்றை ஸில்மியாவுக்குக் கொடுத்தேன். முதலில் முப்பத்திநாலாம் பக்கத்தைத்தான் திறந்தாள்.

செப்டெம்பர் 20, சனி

அம்ஹா ரோட்டால் சுற்றிக்கொண்டு வந்தாள். "உம்மா ஒருக்காப் பாத்திட்டுத் தாறாவாம், பெரியம்மாட புத்தகத்த."

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தை அவள் பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

செப்டெம்பர் 22, திங்கள்

புத்தகம் திரும்பி வந்தது. பழைய பேப்பரில் உறை போட்டிருந்தாள். "தட்டச்சு: நஜ்லா" என்ற பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி. அவளுடைய கையெழுத்து. அவர்கள் வீட்டு வை-பையின் புதுப் பாஸ்வேர்ட். மன்னிப்பு, ஸலாம், ராத்தா, ஒன்றும் இல்லை. பாஸ்வேர்ட் மட்டும்.

ஃபோனில் போட்டுப் பார்த்தேன். பிடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டுத் துண்டித்துவிட்டேன். எனக்கு மே மாதத்திலிருந்து சொந்த இணைப்பு இருக்கிறது.

அதை அம்ஹாவிடம் சொல்லி அனுப்பவில்லை.